மூர் மார்க்கெட்டில் வாங்கிய ஓட்டைப் பட்டை செட்: யாருக்காச்சும் ஞாபகம் இருக்குதுங்களா?

லேத்துக்காரர் மகன் (கோவை)

வணக்கமுங்க. சின்ன வயசுல மெட்ராஸ் மாமா மூர் மார்க்கெட்டுல பழைய சாமான் கடையிலிருந்து ஒரு செட் வாங்கிட்டு வந்தாரு. 1985ல மார்க்கெட் தீப்பிடிச்சுதே, அதுக்கும் முந்தி. தகர டப்பா நெறைய பச்சைப் பட்டைக, சிவப்புத் தகடுக, எல் ஆங்கிளுக, ரெண்டு மூணு பித்தளைப் பல்சக்கரம். எல்லாத்துலயும் ஒரே அளவு இடைவெளியில வரிசையா ஓட்டை. திருகெல்லாம் பித்தளை நிறம். புத்தகம் இல்ல, மூடியும் இல்ல.

அப்பா கணபதியில ஒரு லேத் பட்டறையில வேலை பார்த்தாரு. தேஞ்ச பேரிங்கை உடைச்சு உள்ள இருக்கற இரும்புக் குண்டு, பால்ரஸ், கொண்டாருவாரு. ரெண்டு ஆங்கிளைப் பக்கத்துல பக்கத்துல வெச்சு முடுக்கி, ஜன்னல் கம்பியில ஆரம்பிச்சு தையல் மெஷின் மேல வளைச்சு, கீழ ஹார்லிக்ஸ் பாட்டில் மூடி வரைக்கும் பாதை போடுவோம். கோலிக்குண்டு விட்டா ஆட்டங்கண்டு பாதியில விழுந்துரும், அது அத்தனை உருண்டையா இருக்காதுங்க. பால்ரஸ் அப்படியில்ல. அது தகரத்துல ஓடற சத்தத்துக்கே தெருப் பசங்க வந்து நிப்பாங்க.

ஒரு எடத்துல மட்டும் அப்பா ரெண்டு ஆங்கிளையும் விரிச்சு வெப்பாரு. குண்டு அங்க போனா மெதுவாயிரும், ஆனா சுத்தறது மட்டும் பிசாசு மாதிரி சுத்தும். ஏனுங்கப்பான்னா, "பாருடா, தெரியும்"பாரு. பார்த்தேன், புரியல. இப்ப அவரு இல்ல.

பரண்ல பாதி செட் கெடைச்சிருக்குது. பொண்ணுகூட ஒக்காந்து மறுபடி பாதை போடணும். இது என்ன செட்டுங்க? திருகுக்கு எங்க போறது? அந்த விரிச்ச எடத்துல என்ன நடந்துச்சு?

பழைய ஃபிட்டர் (பெரம்பூர்)

தம்பி, ஸ்கேல் வெச்சு ஓட்டைக்கு ஓட்டை அளந்து பாருங்க. நடுவுக்கு நடு அரை இன்ச் இருந்தா பெரும்பாலும் மெக்கானோங்கிற இங்கிலாந்து விளையாட்டு செட்தான். பட்டையிலயே பேர் அச்சடிச்சிருக்கும், பெயின்ட்டுக்கு அடியில தடவிப் பாருங்க. லிவர்பூல்காரர் ஃபிராங்க் ஹார்ன்பி 1901ல காப்புரிமை வாங்கினது. மெக்கானோங்கிற பேர் 1907ல வந்தது. லிவர்பூல் பின்ஸ் ரோடு தொழிற்சாலையை 1979ல மூடிட்டாங்க. சிவப்பும் பச்சையும்னா 60களுக்கு நடுவுல நிறம் மாத்தினதுக்கு முந்தின சரக்கு.

விளையாட்டுச் சாமான்தானேன்னு நினைக்காதீங்க. 1934ல மான்செஸ்டர் பல்கலைக்கழகத்துல ஹார்ட்ரீயும் போர்ட்டரும் வகைக்கெழுச் சமன்பாடு தீர்க்கற இயந்திரத்தோட மாதிரியை மெக்கானோ துண்டுகளை வெச்சுத்தான் கட்டினாங்க. சக்கரத்துல பல்லை எண்ணுங்க. 57 பல் சக்கரமும் 19 பல் பினியனும் (சின்னச் சக்கரம்) இருந்தா, பெருசு ஒரு சுத்து சுத்தினா சின்னது மூணு சுத்து, அச்சுக்கு அச்சு சரியா ஒரு இன்ச் நிக்கும்.

திருகு 5/32 இன்ச் விட்வொர்த், பழைய இங்கிலீஷ் மரை. இப்ப கடையில கேட்டா முழிப்பாங்க. எம்4 (4 மி.மீ.) போல்ட்டும் எம்4 நட்டும் ஜோடியா வாங்குங்க, ஓட்டைக்குள்ள போகும். பழைய நட்டுல எம்4 போல்ட்டை மட்டும் முறுக்கிடாதீங்க. மரை வேற, பழைய நட்டு கெட்டுடும்.

இயற்பியல் ஆசிரியை

உங்க அப்பா காட்டினதை இன்னிக்கும் வகுப்புல விளக்க எனக்கு முழு ஒரு பீரியட் ஆகுது.

குண்டு சமதரையில உருளும்போது அதோட இயக்க ஆற்றல்ல ஏழுல ரெண்டு பங்கு சுழலறதுக்குப் போகுது, மீதி முன்னே போறதுக்கு. ரெண்டு தண்டவாளத்துக்கு நடுவுல குண்டு உள்ள இறங்கிடுது இல்லையா, அப்போ அது தொடுற எடம் நடு அச்சுக்குக் கிட்ட வந்துடும். உருள்ற ஆரம் சின்னதாயிடும். அதே தூரம் போக அதிக தடவை சுத்தணும். 20 மி.மீ. குண்டுக்கு இடைவெளி 17.5 மி.மீ. வெச்சா, 60 சதவீதத்துக்கு மேல சுழற்சிக்கே போயிடும். திரும்பவும் பாதையைக் குறுக்கினா அந்தச் சுழற்சி வேகமா மாறும், குண்டு பாயும். உங்க பொண்ணை அந்தக் குறுகற எடத்தைக் கவனிக்கச் சொல்லுங்க.

வாழைத்தோப்பு (திருவையாறு)

எங்க ஊர்ல ஆங்கிள் ஏது அண்ணா. வாழை மட்டையை உரிச்சா உள்பக்கம் குழிவா பாதை ரெடி. வரப்பு மேலேர்ந்து வாய்க்கா வரைக்கும் ஒண்ணுமேல ஒண்ணு ஓடு மேயற கணக்கா வெச்சுக் கோலியை விடுவோம். மட்டை காயக் காயச் சுருங்கி வளையும், சாயங்காலம் பாதையே வேற மாதிரி ஆயிருக்கும். திரும்பவும் அடுக்குவோம்.

கட்டுறதுக்கு சைக்கிள் வால்வு டியூபும் தீக்குச்சியும். எங்க வாத்தியார் கத்துக்கொடுத்தது. அரவிந்த் குப்தா மத்தியப் பிரதேசம் ஹோஷங்காபாத் பள்ளிப் பசங்களுக்காக 70கள்ல உண்டாக்கின முறைன்னு பின்னாடிதான் தெரிஞ்சுக்கிட்டேன். சைக்கிள் கடையில சில்லறைக்கு ஒரு முழம் டியூப் தருவாங்க. துண்டு போட்டு ரெண்டு பக்கமும் குச்சி சொருகினா மூட்டு. முக்கோணம் அசையாம நிக்கும், சதுரம் சாயும். பாலத்துல ஏன் முக்கோணமா கம்பி போடுறாங்கன்னு அன்னிக்கே கையில தெரிஞ்சுது.

லேத்துக்காரர் மகன்

பெரியவரே, அளந்தேன். அரை இன்ச்சேதானுங்க. மண்ணெண்ணெய் தொட்டுத் தொடச்சா ஒரு பட்டையில பேரும் தெரியுது. சக்கரத்துல 57 பல்லு இருக்குது, 19 பல்லு பினியனைத்தான் காணோம். டீச்சர், கணக்கைப் பொண்ணுகிட்டக் காட்டினேன். அவளே காலிப்பரை எடுத்து ஆங்கிளை 17.5க்கு நகர்த்தி வெச்சுட்டு, குண்டு வர்றதுக்கு முன்னாடியே "இங்க மெதுவாகும், அங்க பாயும்"னு சொல்றாள்.

வளைவுலதான் இன்னும் குண்டு வெளிய குதிக்குது. வெளிப்பக்க ஆங்கிளை எவ்வளவு ஒசத்தறது, யாராச்சும் போட்டுப் பார்த்திருக்கீங்களா?