நான்கு கிளைக்கு ஸ்டாட்டிக் ரூட் போதுமா, ஓஎஸ்பிஎஃப் வேண்டுமா?

பாளை_அண்ணாச்சி:
ஒரு ஜவுளிக் கடைக்கு நெட்வொர்க் போடுகிறேன். தலைமைக் கடை பாளையங்கோட்டை. கிளைகள் அம்பாசமுத்திரம், சங்கரன்கோவில், வள்ளியூர், தென்காசி. ஒவ்வொன்றிலிருந்தும் பாளைக்கு ஒரு லீஸ்டு லைன் (வாடகைக்கு எடுத்த தனி இணைப்பு). பில்லிங் சர்வரும் இணையமும் பாளையில்தான். கிளை ரவுட்டரில், வேறு வழி தெரியாத எல்லாவற்றையும் பாளைக்கு அனுப்பும் ஒரே டீஃபால்ட் ரூட்; பாளையில் கிளைக்கு ஒரு ஸ்டாட்டிக் ரூட், அதாவது கையால் எழுதி வைக்கும் வழி. அவ்வளவுதான் வேலை. உடன் இருக்கும் பையன், ரவுட்டர்கள் தங்களுக்குள் பேசி வழியைத் தாமே கண்டுபிடிக்கும் ஓஎஸ்பிஎஃப் வேண்டும் என்கிறான். எனக்குத் தேவையாகத் தெரியவில்லை.

தென்காசி_நெட்:
பையன் சொல்வதுதான் சரி, அண்ணாச்சி. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் லைன் நடுவழியில் அறுந்தது. ரவுட்டரிலிருந்து கேபிள் போவது, அதை ஃபைபருடன் இணைக்கும் பக்கத்து மீடியா கன்வர்ட்டருக்கு. அதற்குக் கரண்ட் இருக்கும் வரை போர்ட்டில் பச்சை விளக்கு எரியும், ஸ்டாட்டிக் ரூட்டும் ரவுட்டரின் வழிப்பட்டியலான டேபிளில் அப்படியே நிற்கும். பாக்கெட் எல்லாம் அறுந்த லைனில் போய் விழுந்தன. 4ஜி ரவுட்டர் பக்கத்தில் சும்மா கிடந்தது. ஓஎஸ்பிஎஃப் ஈதர்நெட்டில் 10 விநாடிக்கு ஒரு ஹலோ அனுப்பும். 40 விநாடி சத்தம் இல்லையென்றால் அந்த வழியை எடுத்துவிடும்.

பாளை_அண்ணாச்சி:
அதற்கும் ஸ்டாட்டிக்கிலேயே வழி உண்டு தம்பி. கிளையில் இப்படிப் போடலாம், முதல் வரி லீஸ்டு லைனுக்கு, இரண்டாவது 4ஜிக்கு:

ஐபி ரூட் 0.0.0.0 0.0.0.0 10.99.1.1 ட்ராக் 1
ஐபி ரூட் 0.0.0.0 0.0.0.0 10.99.2.1 200

ஒரே இடத்துக்கு இரண்டு ரூட் இருந்தால் டிஸ்டன்ஸ் எண் குறைந்ததுதான் எடுபடும். சாதாரண ஸ்டாட்டிக்குக்கு அது 1. 200 போட்டது முதல் ரூட் போனால்தான் டேபிளுக்கு வரும். ட்ராக் என்பது ஐபி எஸ்எல்ஏ என்ற சோதனை வசதி மூலம் லைனின் மறுமுனையை பிங் செய்யும், பதில் வராவிட்டால் அந்த ரூட்டை எடுத்துவிடும். மறுமுனையை மட்டும்தான் செய்ய வேண்டும். பில்லிங் சர்வரை பிங் செய்ய வைத்தால், 4ஜிக்கு மாறியதும் அந்த வழியாகவே பிங் போய்ச் சேரும். லைன் சரியாகிவிட்டது என்று நினைத்து ரூட் செத்த லைனுக்கே திரும்பும். மறுபடி விழும், மறுபடி மாறும்.

தென்காசி_நெட்:
சரி, திரும்பி வரும் வழி? பாளையிலும் அதே ட்ராக் இல்லையென்றால் கேள்வி 4ஜியில் போகும், பதில் அறுந்த லைனில் விழும்.

அம்பைக்காரன்:
நடுவில் வருகிறேன், ஒரு விஷயம். கிளை வளரும் என்று அம்பைக்கு (அம்பாசமுத்திரம்) 10.20.4.0/22, அதாவது 10.20.4 முதல் 10.20.7 வரை, ஒதுக்குகிறீர்கள் என்று வையுங்கள். இப்போது ஓடுவது 10.20.4.0/24, அதாவது 10.20.4 மட்டும். யாராவது 10.20.6.5-ஐ பிங் செய்தால் பாளை அதை அம்பைக்கு அனுப்பும். அம்பைக்கு அந்த நெட்வொர்க் தெரியாது. டீஃபால்ட்டைப் பார்த்து பாளைக்கே அனுப்பும். பாக்கெட்டின் ஆயுள் எண்ணான டிடிஎல் தீரும் வரை இங்கும் அங்கும் ஓடும். பாக்கெட் போகும் வழியைக் காட்டும் ட்ரேஸ்ரூட் எடுத்தால் அதே இரண்டு முகவரி மாறி மாறி வரும். அம்பை ரவுட்டரில் இதையும் சேருங்கள்:

ஐபி ரூட் 10.20.4.0 255.255.252.0 நல்0

உண்மையில் இருக்கும் /24 இன்னும் நீளமான பொருத்தம் என்பதால் அதுவே முதலில் எடுபடும், அதற்கு ஒன்றும் ஆகாது. மீதி நல்0 என்ற குப்பைத் தொட்டியில் அங்கேயே விழும்.

பாளை_அண்ணாச்சி:
நல்0 அவசியம், சேர்க்கிறேன். ஆனால் 4ஜி இருப்பது தென்காசியிலும் வள்ளியூரிலும் மட்டும்தான். சங்கரன்கோவிலுக்கும் அம்பைக்கும் ஒரே லைன். அது போனால் ஓஎஸ்பிஎஃப் எந்த வழியைக் கண்டுபிடிக்கும்? 4ஜி இருக்கும் இரண்டு கிளைக்கு மட்டும் இரு முனையிலும் ட்ராக் போட்டுக்கொள்கிறேன். கிளை பத்தாகட்டும், அப்புறம் பேசலாம்.

தென்காசி_நெட்:
பத்தான பிறகு தீபாவளி வியாபாரத்துக்கு நடுவில் மாற்ற முடியாது அண்ணாச்சி. ஓஎஸ்பிஎஃப் டிஸ்டன்ஸ் 110, உங்கள் ஸ்டாட்டிக் 1. ஒரே நெட்வொர்க்குக்கு இரண்டும் இருந்தால் ஸ்டாட்டிக்தான் ஜெயிக்கும். அதனால் ஓஎஸ்பிஎஃப்பை இப்போதே பக்கத்தில் ஓடவிடுங்கள், 4ஜி வழியே பாளைக்கு ஒரு டனல் (தனிப் பாதை) போட்டு அதையும் சேர்த்து. ஒரு ராத்திரி கடை மூடிய பிறகு இரு முனையிலும் தென்காசி ஸ்டாட்டிக்கை மட்டும் எடுத்துவிட்டு, கன்வர்ட்டருக்கு வெளியே ஃபைபரைக் கழற்றிப் பாருங்கள்.