ஷூமானின் மே மாதப் பாடல்: பாடியவர்கள் உதவுங்கள்

நண்பர்களே, ஜெர்மன் இசையமைப்பாளர் ராபர்ட் ஷூமான் 1840-இல், பியானோ கலைஞர் கிளாராவை மணந்த அதே ஆண்டில், கவிஞர் ஹைனேயின் கவிதைகளுக்கு இசையமைத்த ‘டிஷ்டர்லீபே’ (கவிஞனின் காதல்) என்ற பாடல் தொகுப்பின் முதல் பாடலைப் பயின்றுவருகிறேன். மொட்டுகள் வெடிக்கும் மே மாதத்தில் ஒருவன் தன் ஏக்கத்தைக் காதலியிடம் சொல்லிவிடுகிறான். இரண்டே பத்திகள், இரண்டுக்கும் ஒரே மெட்டு. சுலபம் என்று நினைத்து ஏமாந்தேன்!

சிக்கல் முடிவில்தான். அவள் என்ன பதில் சொன்னாள் என்று கவிதையும் சொல்வதில்லை, பியானோவும் சொல்வதில்லை. குரல் ஓய்ந்தபின் பியானோ மட்டும் தொடர்ந்து, தீர்வு கிடைக்காத ஒரு ஏழாம் கார்டில் (அடுத்த சுரக்கூட்டை எதிர்பார்க்க வைக்கும் சுரக்கூட்டில்) அப்படியே நின்றுவிடுகிறது. அடுத்த பாடலுக்குள் உடனே நுழைவதா, சற்று மௌனம் காப்பதா? மேடையில் பாடியவர்கள் என்ன செய்தீர்கள்?

இன்னொன்று. என்னுடையது தாழ்ந்த குரல். மூல சுருதி எனக்கு எட்டாது. பதினாறு பாடல்களையும் ஒரே அளவில் இறக்கிய நல்ல பதிப்பு எது? முதல் பாடலை மட்டும் இறக்கினால், இரண்டாவதோடு இருக்கும் அந்த நுட்பமான தொடர்பு அறுந்துபோகும்.

பாடலின் முதல் வரியில் வரும் ‘வுண்டர்ஷோனென்’ (மிக அழகான) என்ற சொல்லின் நடுவே வரும் உயிரொலிக்குத் தமிழில் எழுத்தே இல்லை. உதட்டை ‘ஓ’வுக்குக் குவித்து, நாக்கை ‘ஏ’வுக்கு வைத்துப் பார்க்கிறேன். நீட்டிப் பாடும்போது இரண்டும் கெட்டுப்போகிறது. ஜெர்மன் அறிந்தவர்கள் ஒரு வழி சொல்லுங்கள்.