பேரி பாண்ட்ஸுக்குக் கூப்பர்ஸ்டவுனில் இடம் உண்டா, இல்லையா?

மெக்கோவி_கரை:
2025 டிசம்பரில் ஜெஃப் கென்ட்டை கூப்பர்ஸ்டவுன் ஊரில் இருக்கும் பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேமில் (சிறந்த ஆட்டக்காரர்களுக்கான புகழ் மண்டபம்) சேர்த்தார்கள். 16 பேர் குழுவில் 14 ஓட்டு. கென்ட் நல்ல ஆட்டக்காரர், அவர் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ஆனால் அதே பட்டியலில் பேரி பாண்ட்ஸ் பெயரும் இருந்தது. அவருக்கு 5 ஓட்டுகூட விழவில்லை. 2000-ல் கென்ட் எம்விபி (லீகின் சிறந்த ஆட்டக்காரர்) விருது வாங்கினாரே, அப்போது சான்ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் அணியில் அவருக்கு முன்னால் மட்டை பிடித்தவர் யார்? பாண்ட்ஸ்தான். பிட்சர்கள் (பந்து வீசுபவர்கள்) பயந்துபோய் பாண்ட்ஸை நடக்க விட்டார்கள், கென்ட் அடித்து அவரை ஹோம் பிளேட்டுக்குக் கொண்டுவந்தார்.

பாண்ட்ஸின் கணக்கு: 762 ஹோம் ரன் (பந்தைக் களத்துக்கு வெளியே அடிப்பது), 514 பேஸ் திருட்டு (பந்து அடிபடாமலேயே அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவது), 7 எம்விபி. வேறு யாரும் 5 எம்விபியைக்கூடத் தொட்டதில்லை. இந்த மனிதர் இல்லாத ஒரு ஹால், பேஸ்பாலின் கதையைச் சொல்கிறது என்று எப்படி நம்புவது?

மெய்க்கணக்கு:
நண்பரே, நீங்கள் சொன்ன எண்களில் எது அவருடையது, எது ஸ்டீராய்டு மருந்துடையது என்று பிரித்துச் சொல்லுங்கள். பிறகு பேசலாம்.

2003 டிசம்பரில் பால்கோ வழக்கின் (ஆட்டக்காரர்களுக்கு ஊக்கமருந்து கொடுத்த நிறுவனம் மீதான வழக்கு) கிராண்ட் ஜூரி, அதாவது வழக்குத் தொடரலாமா என்று விசாரிக்கும் குழு, அதன் முன்னால் பாண்ட்ஸ் என்ன சொன்னார்? பயிற்சியாளர் கிரெக் ஆண்டர்சன் கொடுத்ததை ஆளி விதை எண்ணெய் என்றும், மூட்டு வலிக்குத் தடவும் களிம்பு என்றும் நினைத்தாராம். உடம்பையே பிழைப்பாக வைத்திருப்பவர், தன் உடம்புக்குள் போவது என்னவென்று தெரியாமல் இருந்தார் என்று நான் நம்ப வேண்டுமா? அந்த ஆண்டர்சன் சாட்சி சொல்ல மறுத்துச் சிறைக்கே போனார்.

இடதுகள_நினைவு:
பாண்ட்ஸ் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியில் இருந்த காலத்திலிருந்து நான் அவரைப் பார்க்கிறேன். இளைய நண்பர்கள் பலருக்கு 2001-ன் பெரிய உடம்பு பாண்ட்ஸ் மட்டும்தான் தெரியும். 1990-ல் இருந்தவர் வேறு. ஒல்லியான ஆள், ஓடினால் பிடிக்க முடியாது, லெஃப்ட் ஃபீல்டில் பந்து அவரைத் தாண்டிப் போவது அபூர்வம். அப்பா பாபி பாண்ட்ஸ் 332 ஹோம் ரன் அடித்து 461 பேஸ் திருடியவர். ஞானத்தந்தை வில்லி மேஸ். அந்த வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு ஆட்டம் ரத்தத்திலேயே இருந்தது.

1998 முடிவு வரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அவர் மீதான சந்தேகம் எல்லாம் அதற்குப் பிறகான ஆண்டுகளைப் பற்றித்தான். அதுவரை 411 ஹோம் ரன், 445 பேஸ் திருட்டு, 3 எம்விபி, 8 கோல்டு கிளவ் (சிறந்த ஃபீல்டிங் விருது). 400-க்கு 400 என்ற கணக்கை அதற்கு முன்பும் யாரும் தொடவில்லை, இன்றுவரையும் யாரும் தொடவில்லை. அன்றைக்கே மட்டையைக் கீழே வைத்திருந்தாலும் அவர் ஹாலுக்குப் போயிருப்பார்.

மெய்க்கணக்கு:
அன்றைக்கே வைத்திருந்தால் நானும் கை தட்டியிருப்பேன் ஐயா. வைக்கவில்லையே!

ஒரு மனிதரின் வாழ்க்கையைப் பாதியாக அறுத்து, நல்ல பாதியை மட்டும் தராசில் வைக்க முடியாது. நீங்கள் சொல்வதே எனக்கு அதிகக் கோபத்தைத் தருகிறது. அவருக்குத் தேவையே இல்லை. திறமை இல்லாதவன் பிழைப்புக்காகத் தவறினால் பரிதாபமாவது மிஞ்சும். 1998-ல் மார்க் மெக்வயர் 70, சாமி சோசா 66 அடித்து நாடே அவர்களைக் கொண்டாடியது. 37 ஹோம் ரன் அடித்த முழுமையான ஆட்டக்காரரை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த மனவலி எனக்குப் புரிகிறது, அதற்காகச் செய்ததை நியாயம் என்று சொல்ல மாட்டேன்.

புதுரசிகை:
நான் பேஸ்பால் பார்க்க ஆரம்பித்து இரண்டு வருடம்தான் ஆகிறது. பிட்சர்கள் அவரை "நடக்க விட்டார்கள்" என்று எல்லோரும் சொல்கிறீர்கள். அது அவ்வளவு பெரிய விஷயமா அண்ணா? ஒரு பேஸ்தானே கிடைக்கிறது?

மெக்கோவி_கரை:
நல்ல கேள்வி தங்கச்சி. நான்கு பந்தை வேண்டுமென்றே எட்டாத இடத்தில் போட்டு, "நீ அடிக்கவே வேண்டாம், முதல் பேஸுக்குப் போ" என்று அனுப்புவதுதான் அப்போதைய இன்டென்ஷனல் வாக் (2017 முதல் பந்து போடாமல் சைகை காட்டினாலே போதும்). இலவசமாக ஒரு ஆளை பேஸில் ஏற்றுவது என்பதால் சாதாரணமாக யாரும் செய்ய மாட்டார்கள். பாண்ட்ஸுக்கு முன்னால் ஒரு சீசனில் அதிகபட்சம் 45, அது 1969-ல் வில்லி மெக்கோவிக்கு. 2004-ல் பாண்ட்ஸுக்கு 120!

அந்த ஒரு சீசனை நிதானமாகப் பார். மொத்தம் 232 வாக். பத்து முறை மட்டை பிடித்தால் ஆறு முறை பேஸுக்குப் போய்விடுவார், ஆன்-பேஸ் சராசரி .609. ஹோம் ரன் 45, ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக் வாங்கி அவுட்டாவது) 41. அவுட்டாகித் திரும்பிய ஸ்ட்ரைக்அவுட்டை விட ஹோம் ரன் அதிகம். இன்றைய பெரிய அடிக்காரர்கள் 45 ஹோம் ரன் அடிக்கும்போது 150 தடவைக்கு மேல் ஸ்ட்ரைக்அவுட் ஆவது சர்வசாதாரணம்.

இன்னொன்று. 1998 மே 28, அரிசோனாவுக்கு எதிரான ஆட்டம். ஒன்பதாவது இன்னிங்ஸ், இரண்டு அவுட், ஜயன்ட்ஸ் 8-6 என்று பின்தங்கியிருக்கிறது, மூன்று பேஸிலும் ஆள். பாண்ட்ஸ் வருகிறார். அரிசோனா மேனேஜர் பக் ஷோவால்டர் அவரை நடக்க விடச் சொன்னார். எல்லோரும் ஒரு பேஸ் நகர்வதால் மூன்றாவது பேஸில் இருந்தவர் உள்ளே வருவார், அந்த ஒரு ரன்னைத் தானமாகக் கொடுத்து 8-7 ஆக்கிவிட்டு, அடுத்து வந்த பிரெண்ட் மேனை அவுட் செய்து ஜெயித்தார்கள். ஷோவால்டர் செய்தது சரிதான் என்று ஆட்டமே நிரூபித்தது. தேதியைக் கவனி: எதிரணி இப்படிப் பயந்தது சந்தேக ஆண்டுகளுக்கு முன்னால்.

புதுரசிகை:
மூன்று பேஸிலும் ஆள் இருக்கும்போதா! இதை யாரும் எனக்குச் சொல்லவே இல்லை.

மெய்க்கணக்கு:
பயந்தார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. 2002 உலகத் தொடரில்கூட எதிரணி ஏஞ்சல்ஸ் அவரை 13 முறை நடக்க விட்டது, அப்படியும் 4 ஹோம் ரன் அடித்தார். தொடரை ஜயன்ட்ஸ் தோற்றது வேறு கதை.

ஆனால் எதிரே நின்ற பிட்சர்களை யாராவது நினைத்துப் பார்க்கிறீர்களா? ஒரு பெரிய அடி வாங்கினால் மைனர் லீகுக்குத் திருப்பி அனுப்பப்படும் நிலையில் எத்தனையோ இளைஞர்கள். மருந்தைத் தொட மாட்டேன் என்று இருந்ததாலேயே இடம் கிடைக்காமல் பஸ் பயணத்திலும் மலிவு விடுதியிலும் பத்து வருடத்தைக் கழித்து, பெயர் தெரியாமலேயே வீட்டுக்குப் போனவர்கள். அவர்களுக்கு அருங்காட்சியகம் இல்லை, ஹாலில் மாட்டும் வெண்கலத் தகடும் இல்லை. எனக்கு ஒரு ஓட்டு இருந்தால் அது அவர்களுக்குத்தான்.

ஒன்பதாம்_இன்னிங்ஸ்:
மெய்க்கணக்கு, உங்கள் வாதத்தில் நேர்மை இருக்கிறது. அதே நேர்மையோடு ஹாலுக்குள் ஏற்கெனவே இருப்பவர்களையும் பாருங்கள். இந்தக் காலம் முழுவதும் லீகின் கமிஷனராக இருந்த பட் சீலிக் 2017-ல் உள்ளே போய்விட்டார். ஸ்டீராய்டு எடுத்ததாகப் பின்னாளில் ஒப்புக்கொண்ட மெக்வயரையும் கான்சேகோவையும் ஆட வைத்த மேனேஜர் டோனி லா ரூசா 2014-ல். 1994 வேலைநிறுத்தத்தில் உலகத் தொடரே நடக்காமல் போய் ரசிகர்கள் வெறுத்துப்போனபோது, ஹோம் ரன்களை வைத்துத்தான் அரங்கங்களை மறுபடி நிரப்பினார்கள். 2003 வரை பரிசோதனையே கிடையாது, அந்த வருடமும் தண்டனை இல்லாத கணக்கெடுப்பு மட்டும். 2004-ல்தான் தண்டனை வந்தது. கதவைத் திறந்து வைத்து டிக்கெட் விற்றவர்களுக்கு மாலை, உள்ளே நுழைந்தவனுக்கு மட்டும் தண்டனை. இதை எந்தப் பஞ்சாயத்து ஒப்புக்கொள்ளும்?

2022-ஐயும் சொல்ல வேண்டும். எழுத்தாளர்கள் ஓட்டில் பாண்ட்ஸுக்கு அது பத்தாவது, கடைசி வருடம். 2013-ல் 36.2 சதவீதத்தில் தொடங்கியவர் 66 வரை ஏறினார், தேவை 75. அதே ஓட்டெடுப்பில் டேவிட் ஓர்டிஸ் முதல் வருடத்திலேயே தேறினார். 2003 கணக்கெடுப்பில் சிக்கியவர்களில் அவரும் ஒருவர் என்று பத்திரிகையில் செய்தி வந்திருந்தது. ஓர்டிஸ் சிரித்த முகம், பாண்ட்ஸ் நிருபர்களிடம் முகம் கொடுக்காதவர். ஓட்டு போட்டவர்கள் அதே நிருபர்கள். இந்த வேறுபாட்டுக்கு எனக்கு வேறு காரணம் தெரியவில்லை.

மெய்க்கணக்கு:
சீலிக் உள்ளே இருப்பது தவறு. இதில் உங்களோடு முழுக்க நிற்கிறேன். ஒரு தவறான ஆளை உள்ளே விட்டதற்காக இன்னொருவரையும் விட வேண்டும் என்பதில் மட்டும் நிற்க மாட்டேன். ஓர்டிஸ் விஷயம் வேறு: அந்த 2003 பட்டியலில் சந்தேகம் இருக்கிறது என்று பின்னாளில் கமிஷனர் மான்ஃப்ரெடே சொன்னார். அப்புறம், லீகில் பரிசோதனை இல்லை என்றாலும் நாட்டில் சட்டம் இருந்தது. டாக்டர் சீட்டு இல்லாமல் ஸ்டீராய்டு வைத்திருப்பது அமெரிக்காவில் அப்போதே குற்றம். 1991-ல் கமிஷனர் ஃபே வின்சென்ட் எல்லா அணிகளுக்கும் சுற்றறிக்கையும் அனுப்பியிருந்தார். தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது.

மெக்கோவி_கரை:
சட்டம் என்று வந்துவிட்டதால் அதையும் முழுசாகச் சொல்லிவிடுவோம். 2011 விசாரணையில் பொய் சாட்சிக் குற்றச்சாட்டுகளில் ஜூரியால் முடிவுக்கு வர முடியவில்லை. நீதிக்கு இடையூறு செய்தார் என்ற ஒன்றில் மட்டும் குற்றவாளி என்றார்கள். 2015-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதையும் ரத்து செய்தது. சட்டப்படி இன்று அவர் மீது எதுவும் இல்லை.

மெய்க்கணக்கு:
சட்டப்படி இல்லை, ஒப்புக்கொள்கிறேன். நீங்கள் மனதைத் தொட்டுச் சொல்லுங்கள், அவர் எடுக்கவில்லை என்று நினைக்கிறீர்களா?

மெக்கோவி_கரை:
எடுத்தார் என்றுதான் நினைக்கிறேன். 35 வயதுக்கு மேல் அப்படி அடித்தவர் யாரும் இல்லை. 2001-ல் 73, அந்த ஒரு வருடத்தைத் தவிர அவர் வாழ்நாளில் 50-ஐத் தொட்டதே இல்லை, அடுத்த அதிகபட்சம் 49. இதை யோசிக்காமல் ஒரு ரசிகன் இருக்க முடியாது.

2007 ஆகஸ்ட் 7 அன்று நான் அரங்கத்தில் இருந்தேன். ஐந்தாவது இன்னிங்ஸில் மைக் பாக்சிக் போட்ட பந்து வலது மைய மேடையில் போய் விழுந்தது. அவருடைய 756-வது ஹோம் ரன். சுற்றிலும் ஒரே கூச்சல், வில்லி மேஸ் களத்துக்கு வந்து கட்டிப்பிடித்தார். பிறகு திடீரென்று பெரிய திரையில் ஹாங்க் ஏரன் முகம். 755 ஹோம் ரன் என்ற பழைய சாதனைக்குச் சொந்தக்காரர், பதிவு செய்த வாழ்த்து அனுப்பியிருந்தார். எனக்குப் பக்கத்தில் இருந்த முதியவர் அதுவரை கை தட்டிக்கொண்டிருந்தார். ஏரன் பேசத் தொடங்கியதும் தொப்பியைக் கழற்றிவிட்டு அழுதார். மகிழ்ச்சியிலா, துக்கத்திலா என்று நான் கேட்கவில்லை. எனக்கும் தொண்டை அடைத்தது.

இடதுகள_நினைவு:
1973-74-ல் பேப் ரூத்தின் 714 ஹோம் ரன் சாதனையை நெருங்கியபோது, கறுப்பர் என்ற ஒரே காரணத்துக்காகக் கொலை மிரட்டல் கடிதங்களைப் பை பையாக வாங்கியவர் ஏரன். அந்த எண்ணுக்கு அவர் கொடுத்த விலை வேறு. பாண்ட்ஸ் உள்ளே போக வேண்டும் என்று நினைக்கும் எனக்கே, 762-ஐச் சொல்லும்போது 755-ஐயும் சேர்த்துச் சொல்லத் தோன்றும்.

மெய்க்கணக்கு:
அந்த 756-வது பந்து கூப்பர்ஸ்டவுனில் இருக்கிறது, தெரியுமா? ஏலத்தில் வாங்கியவர் இணையத்தில் மக்களிடம் ஓட்டுக் கேட்டு, அதில் நட்சத்திரக் குறி (சாதனையில் சந்தேகம் என்பதற்கான அடையாளம்) பொறித்துத்தான் கொடுத்தார். பந்து உள்ளே, அடித்தவர் வெளியே.

ஒன்பதாம்_இன்னிங்ஸ்:
அப்படியானால் தகட்டிலும் எழுதட்டும். 762, 7 எம்விபி, கீழேயே பால்கோ, கிராண்ட் ஜூரி, எல்லாம். வருகிற குழந்தை கேட்கட்டும், அப்பா அம்மா சொல்லட்டும். இப்படி எழுதினால் ஓட்டு போடுவீர்களா, மெய்க்கணக்கு?

மெய்க்கணக்கு:
பால்கோ என்ற சொல் அந்த வெண்கலத்தில் இருக்கும் என்றால், போடுவேன். ஆனால் ஹால் அதை எழுதாது. 5 ஓட்டு வாங்காததால் 2028 பட்டியலிலும் அவர் பெயர் வராது, அடுத்த வாய்ப்பு 2031. அதற்குள் அவர் வாய் திறந்து ஒரு முறை உள்ளதைச் சொன்னால், தகடுகூட எனக்கு வேண்டாம், அன்றைக்கே மாறிவிடுவேன்.

மெக்கோவி_கரை:
2031-ல் அவருக்கு வயது 67. சொல்வார் என்று எனக்குத் தோன்றவில்லை. சொல்ல வேண்டும் என்று நானும் ஆசைப்படுகிறேன்.