பொருள்: நீர்ப்பூஞ்சை – இச்சொல் பொருந்துமா?

குலசேகரத்திலிருந்து, கையேட்டின் மொழிபெயர்ப்பாளர்:
அன்புடையீர், ரப்பர் விவசாயிகளுக்கான கையேட்டைத் தென்மேற்குப் பருவமழைக்கு முன்பே, மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த தாமிர மருந்தான போர்டோ கலவையைத் தெளிக்கும் காலத்துக்குள், அச்சுக்குக் கொடுக்க வேண்டியுள்ளது. மழைக்கால இலையுதிர்வுக்குக் காரணமான பைட்டோப்தோரா என்னும் நுண்ணுயிரை முன்பெல்லாம் பூஞ்சை என்றே எழுதினோம். பூஞ்சையின் செல்சுவரில் கைட்டின் என்னும் உறுதியான பொருள் உண்டு. பைட்டோப்தோராவின் சுவரிலோ செல்லுலோஸ் இருக்கிறது, உறவும் பழுப்புப் பாசிகளோடுதான். தாமிர மருந்து இரண்டுக்கும் கேட்கும் என்றாலும், பூஞ்சைக்குக் கேட்கும் கார்பண்டசிம் இதனிடம் பலிக்காது என்பதால் பெயரைப் பிரித்தாக வேண்டும். ‘நீர்ப்பூஞ்சை’ எனலாமா?

நாகர்கோவிலிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
பூஞ்சை உடம்பு என்றால் மெலிந்த உடம்பு. அச்சொல்லை ஓர் உயிரின உலகத்துக்கே சூட்டியது முதற்பிழை. காளானுக்குப் பழம்பெயர் ஆம்பி. சமையலை மறந்த அடுப்பில் ‘ஆம்பி பூப்ப’ என்கிறது புறநானூறு (164). சிறுபாணாற்றுப்படையில் ‘புழற்காளாம்பி’ வருகிறது. காளாம்பியே தேய்ந்து காளான் ஆயிற்று என்பது என் துணிபு. ஆகவே பூஞ்சை ஆம்பி, பைட்டோப்தோரா போலியாம்பி.

அருமனையிலிருந்து, தோட்டக்காரர்:
ஐயா, மழைநாளில் காயாத ரப்பர் ஷீட்டில் வெள்ளையும் பச்சையுமாகப் படர்ந்தால் நாங்களும் ‘பூத்துப் போச்சு’ என்றுதான் சொல்கிறோம். அந்தமட்டில் புறநானூறு எங்கள் பக்கம். ஆனால் உரக்கடையில் போய் ஆம்பிக்கொல்லி கேட்டால் என்ன எடுத்துத் தருவார்கள்?

தக்கலையிலிருந்து, தாவரவியல் ஆசிரியை:
மதுரைக்காஞ்சியின் ‘அகலாம்பி’ நீர் இறைக்கும் கருவியாயிற்றே, ஐயா? காளானும் பொதுப்பெயராகாது. நாம் பறிக்கும் குடை, வித்துகளைப் பரப்பும் உறுப்பு மட்டுமே. உடலோ மண்ணுக்குள் இழையிழையாக ஓடி, நொதிகளை வெளியே சுரந்து, உணவை அங்கேயே செரித்து உறிஞ்சுகிறது. ஈஸ்ட்டுக்கு அந்தக் குடையும் இல்லை, ஒற்றைச் செல்தான். குளச்சலில் ஏலம் போகும் நண்டின் ஓட்டிலுள்ள கைட்டினே பூஞ்சையின் சுவரிலும் இருக்கிறது. மரபுவழியிலும் அது செடியைவிட விலங்குக்கே நெருக்கம். பாடநூல்களில் வேரூன்றிவிட்ட பூஞ்சையைப் பிடுங்க வேண்டாம். நீர்ப்பூஞ்சை பூஞ்சையன்று என்பது மெய்தான். கடற்குதிரையை மட்டும் யார் லாயத்தில் கட்டினார்கள்?

குலசேகரத்திலிருந்து:
அச்சகத்தார் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ‘நீர்ப்பூஞ்சை’ என்றே போட்டு, ‘இது உண்மைப் பூஞ்சையன்று, கார்பண்டசிம் வாங்க வேண்டாம்’ என்று அடியில் ஒரு வரி சேர்க்கிறேன்.

நாகர்கோவிலிலிருந்து:
பெரும்பான்மைக்குக் குறுக்கே நிற்கவில்லை, மறுப்பைப் பதிவு செய்க. அகலாம்பியின் வேர் வேறு. அதை நாளை விரிவாக எழுதுகிறேன்.