ஃபிரிட்ஜில் தொடங்கும் துலிப்: வீட்டில் வளர்த்துப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

செங்காங் பத்தாவது மாடி

“துலிப் சிங்கப்பூரில் வளருமா?” என்று கேட்டால் பாதிப் பேர் சிரிப்பார்கள், மீதிப் பேர் “கரையோரப் பூந்தோட்டத்துக்குப் போய்ப் பார்த்துக்கோ” என்பார்கள். வளரும். பூக்கவும் செய்யும். ஆனால் ஒரு கிழங்கு ஒரே ஒரு தடவைதான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னைத் திட்ட வேண்டாம். என் வீட்டுக் கதையை எழுதுகிறேன். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் முயன்று பார்த்தவர்கள் கீழே சேர்த்துக்கொண்டே போங்கள்.

நம்மூர் வெயில்தான் இந்தச் செடிக்கு ஆகாது என்று பலரும் நினைக்கிறார்கள். வெயில் இரண்டாவது பிரச்சினைதான். முதல் பிரச்சினை, நமக்குக் குளிர்காலமே இல்லாதது. துலிப்பின் பூர்வீகம் மத்திய ஆசியாவின் மலைச்சரிவுகள். மாதக்கணக்கில் பனிக்கு அடியில் கிடந்து, பனி உருகியதும் விறுவிறுவென்று பூத்து, கோடை வறட்சி வருமுன் இலை காய்ந்து மண்ணுக்குள் ஒடுங்கிவிடும். நாம் வாங்கும் நல்ல கிழங்குக்குள் பூமொட்டு ஏற்கெனவே உருவாகித்தான் இருக்கிறது. நம்பாதவர்கள் ஒன்றை நெடுக்காக வெட்டிப் பார்க்கலாம். நடுவில் மிளகளவுக்கு மொட்டு தெரியும். அந்த மொட்டைத் தூக்கிக்கொண்டு தண்டு நீள வேண்டுமானால், 12 முதல் 16 வாரம் வரை 5 டிகிரியை ஒட்டிய குளிரில் கிழங்கு இருந்திருக்க வேண்டும். அந்தக் குளிர் கிடைக்காவிட்டால் இலை வரும். பூ மட்டும் இலைக்கு நடுவில் மண்மட்டத்திலேயே முடங்கிக் காய்ந்துவிடும்.

ஆக, துலிப் வளர்ப்பில் பெரும்பகுதி தொட்டியில் நடப்பதில்லை, ஃபிரிட்ஜில் நடக்கிறது. அங்கேதான் வீட்டு அரசியலும் தொடங்குகிறது. கிழங்கு கைக்கு வருவது பெரும்பாலும் அக்டோபரில். நம் வீடுகளில் ஃபிரிட்ஜ் நிரம்பி வழியும் மாதமும் அதுதான். தேக்கா சந்தையிலிருந்து வந்த ஆட்டுக்கறி, அரைத்த மாவு, யாரோ கொடுத்த இனிப்புப் பெட்டிகள். இதற்கு நடுவில் பூக்கிழங்குக்கு ஒரு தட்டு வேண்டும் என்று கேட்டால் வீட்டில் என்ன பதில் வரும் என்று உங்களுக்கே தெரியும்.

இடம் கிடைத்தாலும் அடுத்த சிக்கல் பழம். வெள்ளிக்கிழமை பூசைக்கு வாங்கும் வாழைப்பழம், ஆப்பிள், மாம்பழம், தக்காளி எல்லாமே பழுக்கும்போது எத்திலீன் வாயுவை விடும். அது உள்ளே இருக்கும் மொட்டைக் கருக்கிவிடும். வெளியே கிழங்கு கல் மாதிரி நன்றாகத்தான் இருக்கும், நட்ட பிறகுதான் விஷயம் தெரியும். அதனால் பழமும் கிழங்கும் ஒரே ஃபிரிட்ஜில் இருக்கக்கூடாது. எங்கள் வீட்டில் பழங்கள் மேசைக்கு வந்துவிட்டன. இரண்டு நாளில் சாப்பிட்டு முடிக்க வேண்டும் என்பது புதிய சட்டம். கிழங்கைக் காகிதப் பையில் போடுங்கள், அல்லது வெங்காயம் வரும் வலைப்பை போதும். பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். உறைபெட்டிக்குள் வைக்கவே கூடாது.

நடும்போது கவனித்த ஒன்று இங்கே யாரும் சொல்லிக் கேட்டதில்லை. துலிப் கிழங்கில் ஒரு பக்கம் சப்பையாக இருக்கும். முதல் பெரிய இலை அந்தப் பக்கத்திலிருந்துதான் வரும். சப்பைப் பக்கத்தைத் தொட்டியின் விளிம்பைப் பார்க்க வைத்து நட்டால் இலைகள் வெளிப்பக்கம் சாயும், பூக்கள் நடுவில் நிற்கும். கிழங்குகளை நெருக்கி, ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் வைக்கலாம். நிலத்தில் நடுவதுபோல் இடைவெளி விட்டால் தொட்டி மொட்டையாகத் தெரியும். உரம் தேவையில்லை, சாப்பாடு முழுக்கக் கிழங்கிலேயே இருக்கிறது. தண்ணீர் நிற்காத மண் மட்டும் முக்கியம். நான் சாதாரண தொட்டி மண்ணில் பெர்லைட்டை (மண்ணை இலகுவாக்கும் வெள்ளைக் குறுணை) தாராளமாகக் கலக்கிறேன்.

எங்கே வைப்பது? தாழ்வாரத்தில் வைத்த தொட்டியையும் படுக்கையறை ஜன்னலோரம் வைத்த தொட்டியையும் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் ஒரே வகைச் செடி என்று சொல்லமாட்டீர்கள். தாழ்வாரத்தில் வளர்ந்தது குட்டையாக, அவசரமாக, ஒரு காலையில் மலர்ந்து மறுநாளே இதழ் கவிழ்ந்துவிட்டது. இரவில் ஏர்கான் ஓடும் அறையில் இருந்தது நிதானமாக உயர்ந்து, வாரக்கடைசி வரைக்கும் நின்றது. இந்தப் பூ சூட்டில் விரியும், குளிரில் மூடும். ஏர்கானை அணைத்ததும் விரிந்து, ராத்திரி மறுபடி குவிவதைப் பிள்ளைகள் வேடிக்கை பார்த்தார்கள்.

மண்சட்டி நல்லது, நீர் கசிந்து ஆவியாகி வேர்ப்பகுதியைக் குளிர்ச்சியாக வைக்கும். அடித்தட்டில் தேங்கும் தண்ணீரை மட்டும் அன்றாடம் கொட்டிவிடுங்கள். டெங்கி விஷயத்தில் தேசிய சுற்றுப்புற வாரிய அதிகாரிகள் வந்தால் முதலில் பார்ப்பதே அந்தத் தட்டைத்தான்.

ஜூரோங் வெஸ்ட் தம்பி

அக்கா, இவ்வளவு பொறுமை எனக்குக் கிடையாது. சீனப் புத்தாண்டுக்கு முன்னாடி செடிக்கடைகள்ல மொட்டு விட்ட துலிப் தொட்டியாவே வருது. குளிர் எல்லாம் அங்கேயே முடிஞ்சிருக்கும். வாங்கி வந்து சாமி மாடத்துக்குப் பக்கத்துல வெச்சேன். ஒரு டிப்ஸ்: மொட்டு பச்சையா, நுனியில லேசா நிறம் எட்டிப் பார்க்கிற மாதிரி இருக்கிறதா பார்த்து எடுங்க. கடையில விரிஞ்சு அழகா நிக்கிறதை வாங்கினா வீட்டுக்கு வர்றதுக்குள்ள அதோட ஆயுசு பாதி போயிடும்.

பொங்கோல் இரவுப்பணி

மேலே அக்கா சொன்னதோடு சிலவற்றைச் சேர்க்கிறேன். வேலை விஷயமாக நெதர்லாந்து போயிருந்தபோது லிசே ஊரில் இருக்கும் கோய்கென்ஹோஃப் தோட்டத்தைப் பார்த்தேன். 1950 முதல் மக்களுக்குத் திறந்திருக்கும் தோட்டம், ஆண்டுக்கு ஏறத்தாழ 70 லட்சம் கிழங்கு நடுகிறார்கள். நான் அங்கே கேட்ட முதல் கேள்வியே “இதே கிழங்கு அடுத்த வருஷமும் பூக்குமா?” என்பதுதான். ஒவ்வோர் ஆண்டும் புதுக் கிழங்குதான் நடுகிறோம் என்றார்கள். அவ்வளவு குளிர் இருக்கும் ஊரிலேயே கதை அதுதான். அதனால் பூத்து முடிந்த கிழங்கைக் கழுவித் துடைத்துப் பத்திரப்படுத்தும் அன்பர்களே, விட்டுவிடுங்கள்.

காரணம் இருக்கிறது. துலிப்பில் தாய்க்கிழங்கு பூவோடு தீர்ந்துவிடும். வாழை குலை தள்ளிய பிறகு கன்றுகள் மட்டும் நிற்பதுபோல, அதன் இடத்தில் சின்னச் சின்னக் கிழங்குகள் வரும். அவை பருக்க வேண்டுமானால் பூ உதிர்ந்த பிறகும் இலை பல வாரம் குளிர்ந்த வெயிலில் பச்சையாக நிற்க வேண்டும். நம்மூர்ச் சூட்டில் இலை சீக்கிரம் மஞ்சளாகிவிடும். கடைசியில் பூண்டுப்பல் அளவுக்கு ஏதோ மிஞ்சும், அதில் பூ வராது.

வாங்கும்போது அளவைப் பாருங்கள். பையில் 11/12, 12/+ என்று போட்டிருக்கும், அது கிழங்கின் சுற்றளவு, சென்டிமீட்டரில். 12க்குக் குறைந்ததைத் தொட்டியில் நட்டு நான் திருப்திப்பட்டதில்லை. வகையில் ‘டிரையம்ப்’ இனம் தொட்டிக்கு நன்றாக ஒத்துவரும். மஞ்சள் நிற ‘ஸ்ட்ராங் கோல்ட்’ அந்த இனம்தான். கருப்புக்குக் கிட்டத்தட்ட வரும் ‘குயின் ஆஃப் நைட்’ படத்தில் பார்த்தால் மயக்கும், ஆனால் அது தாமதமாகப் பூக்கும் வகை, நம் சூட்டில் அது எழும்புவதற்குள் வாடிவிடும். ஆசைப்படாதீர்கள்.

கிழங்கின் அடியில் வேர் வரும் வட்டத்தைச் சுற்றிப் பழுப்புத் தோல் இறுக்கமாக இருந்தால், நடுமுன் அந்த இடத்தில் மட்டும் உரித்துவிடுங்கள். ஃபிரிட்ஜில் காய்ந்த நிலையில் குளிர்ந்த கிழங்குக்கு வேர் இருக்காது. சூட்டில் முளை முந்திக்கொண்டு வேர் பிந்தினால் செடி துவண்டுவிடும். எங்கள் வீட்டில் சின்னத் தொட்டியில் நட்டு, ஈரப்படுத்தி, தொட்டியோடு மறுபடி ஃபிரிட்ஜில் வைத்து, வேர் பிடித்த பிறகே வெளியே எடுக்கிறோம். ‘எங்கள் வீட்டில்’ என்று சொன்னாலும் மனைவிக்கு இதில் சம்மதம் இல்லை.

இன்னொன்று. விடுமுறைக்குப் போய்வரும்போது பெட்டியில் நாலு கிழங்கைப் போட்டுக்கொண்டு வரலாம் என்று நினைக்காதீர்கள். கிழங்கும் செடிதான். ஏற்றுமதி நாட்டின் தாவரச் சுகாதாரச் சான்றிதழும் நம் தேசியப் பூங்காக் கழகத்தின் இறக்குமதி அனுமதியும் வேண்டும். முறையாகத் தருவிக்கும் செடிக்கடையில் சொல்லி வைப்பதே நிம்மதி. எனக்கு இணையத்தில் ஒரு விற்பனையாளர் அனுப்பிய பையைத் திறந்தபோது புளிச்ச வாடை அடித்தது. அழுத்தினால் அமுங்கியது. அது பூஞ்சை அழுகல், ஒன்றில் இருந்தால் பக்கத்தில் இருப்பதற்கும் பரவும். மேல்தோலில் மட்டும் நீலமாகப் படிந்திருந்தால் பரவாயில்லை, துடைத்துவிட்டு நடலாம். கிழங்கு கனமாகவும் கெட்டியாகவும் இருக்க வேண்டும், அதுதான் சோதனை.

தெம்பனிஸ் மாமி

எங்க வீட்டு ஃபிரிட்ஜ்ல இந்தக் கிழங்குப் பையைப் பார்த்துட்டு எங்க மாமியார், “இது என்ன வெங்காயம், தோல் இவ்ளோ வழவழன்னு இருக்கு?”ன்னு கத்தியோட நின்னாங்க. பார்த்தா நிஜமாவே பெரிய வெங்காயம்தான். தமிழ்ல கொட்டை எழுத்துல “பூச்செடி, சமைக்காதே”ன்னு எழுதி ஒட்டினேன். சிரிக்காதீங்க, இது விஷம். 1944-45 பஞ்சக் குளிர்காலத்துல நெதர்லாந்து ஜனங்க வேற வழியில்லாம துலிப் கிழங்கைச் சாப்பிட்டிருக்காங்கன்றது உண்மைதான், அதுக்காக நாம சாம்பார்ல போட வேண்டியதில்லை. பூனை, நாய் வளர்க்கிறவங்க இன்னும் கவனம், கிழங்கைக் கடிச்சா அதுங்களுக்கு ஆகாது. வெறுங்கையால ரொம்ப நேரம் தோல் உரிச்சா விரல் நுனி அரிக்கும், சிலருக்கு வெடிச்சே போகும். கையுறை போட்டுக்கோங்க.

அங் மோ கியோ சமூகத் தோட்டம்

பிள்ளைகளா, எல்லாம் படித்தேன். ஏர்கான் ஓட்டி, ஃபிரிட்ஜில் வைத்து ஒரு வாரப் பூவுக்கு இவ்வளவு மின்கட்டணமா என்று கேட்கத் தோன்றுகிறது. ஆனாலும் ஆசையைக் குறை சொல்ல நான் யார்? கரையோரப் பூந்தோட்டத்தில் 2012இல் திறந்த ஃபிளவர் டோம் என்ற குளிரூட்டிய கண்ணாடிக் கூடத்தில் பகலில் 23 முதல் 25 டிகிரிக்குள் வைத்திருக்கிறார்கள். 2013இல் தொடங்கிய துலிப் காட்சிக்கு நானும் கூட்டத்தோடு கூட்டமாகப் போய் நின்றவன்தான்.

அந்த ஆசை இருப்பவர்கள் சியாம் துலிப்பையும் ஒரு தடவை வைத்துப் பாருங்கள். பெயரில்தான் துலிப், உண்மையில் நம் மஞ்சளின் நெருங்கிய சொந்தம், ஒரே பேரினம். தாய்லாந்து, லாவோஸ், கம்போடியா பக்கத்துச் செடி. பொங்கலுக்கு மஞ்சள் கொத்து வளர்த்த கை இருந்தால் இதற்குத் தனிப்பாடம் தேவையில்லை. இளஞ்சிவப்பில் நிமிர்ந்து நிற்கும். அந்த இதழ் மாதிரி இருப்பவை பூவடிச் செதில்கள், நிஜப் பூ கீழே சின்னதாக ஒளிந்திருக்கும். அதனால்தான் வாரக்கணக்கில் வாடாமல் இருக்கிறது. நடுவில் இலை காய்ந்து உறங்கப் போகும், செத்துவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள். தண்ணீரைக் குறைத்து விட்டுவைத்தால் மறுபடி முளைக்கும். ஃபிரிட்ஜ் வேண்டாம்.

தாழ்வாரத்தில் தொட்டி அடுக்குபவர்களுக்கு ஒரு வார்த்தை: நடைவழியில் 1.2 மீட்டர் அகலம் காலியாக இருக்க வேண்டும். தீ விபத்து நேர்ந்தால் ஆள் ஓட வழி வேண்டுமே.

செங்காங் பத்தாவது மாடி

ஐயா, சியாம் துலிப் என்னிடமும் இருக்கிறது, நீங்கள் சொல்வது சரி. உழைப்புக்குக் கிடைக்கும் பலனைக் கணக்குப் பார்த்தால் அதுதான் ஜெயிக்கும். இருந்தாலும் அது துலிப் இல்லையே! கிண்ணம் மாதிரி குவிந்து நிற்கும் அந்த வடிவத்துக்காகத்தான் இத்தனை பாடும். 1637இல் இதே பூவின் கிழங்கு விலை ஏறி ஏறி ஒரேயடியாகச் சரிந்து டச்சு வியாபாரிகள் அல்லாடிய கதை இருக்கிறதே, பித்து நமக்கு மட்டும் புதிதாகப் பிடித்ததில்லை.

பொங்கோல் தம்பி, வேர்வட்டத் தோலை உரிக்கும் யோசனைக்கு நன்றி. இந்த முறை பாதிக் கிழங்கில் உரித்தும் பாதியில் உரிக்காமலும் நட்டுப் பார்க்கப் போகிறேன்.

உட்லண்ட்ஸ் புதுசு

அக்கா, ஒரு கேள்வி. தைப்பொங்கலுக்கு வாசல்ல துலிப் வெக்க முடியுமா?

செங்காங் பத்தாவது மாடி

கணக்குப் போட்டுப் பாரும்மா. அக்டோபர் முதல் வாரம் கிழங்கு கைக்கு வந்தால் 14 வாரக் குளிர் முடியவே ஜனவரி நடுப்பகுதி ஆகிவிடும். நட்டுப் பூக்க இன்னும் மூன்று, நான்கு வாரம். பொங்கலுக்குக் கிடைக்காது, பிப்ரவரியில் வரும் சீனப் புத்தாண்டுக்குச் சரியாக இருக்கும். பொங்கலுக்கே வேண்டுமானால் முன்கூட்டியே குளிரூட்டிய கிழங்கு தருவித்துத் தருவார்களா என்று செடிக்கடையில் இப்போதே கேட்டு வை. டிசம்பர் நடுவில் அது கைக்கு வந்ததும் நட்டுவிட வேண்டும், வெளியில் போட்டு வைத்தால் வாங்கின குளிர் வீணாகிவிடும். வாசலில் வைப்பதானால் பொங்கலன்று காலை மட்டும் வை, பத்து மணிக்குள் உள்ளே எடுத்துவிடு.