வெட்டுப் பலகைக்குத் தேங்காயெண்ணெயா, மருந்துக்கடைப் பரபினா?

உவர்மலைக்காரி:
மரப் பலகை வாங்கியவுடன் தேங்காயெண்ணெய் பூசுவது நம் ஊர் வழக்கம். அதை நான் எதிர்க்கிறேன். ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஒட்சிசனை ஏற்று மெல்ல இறுகிவிடும். தேங்காயெண்ணெய் அப்படி இறுகாது. ஏறத்தாழ 25 பாகை செல்சியஸில் உருகும் அந்த எண்ணெய், திருகோணமலை வெப்பத்தில் மரத்துளைகளுக்குள் திரவமாகவே கிடக்கிறது. மார்கழி மாரியில் பலகை காயாமல் இருக்கும்போது அதில் காறல் மணம் ஏறி, அரிந்த வெங்காயத்திலும் ஒட்டிக்கொள்கிறது. மருந்துக்கடையில் மலமிளக்கியாக விற்கும் லிக்விட் பரபினில் காறிப்போவதற்கான கொழுப்பே இல்லை. நான்கு பங்கு பரபினுக்கு ஒரு பங்கு தேன்மெழுகை நிறுத்துச் சேர்த்து, நேரடி நெருப்பில் வைக்காமல் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கிப் பூசுங்கள். மெழுகு 62 முதல் 64 பாகையில் உருகிவிடும்.

நிலாவெளியான்:
அக்கா, உங்கள் வாதம் உங்களையே திருப்பித் தாக்குகிறது. பரபினும் இறுகாத எண்ணெய்தான். சவர்க்காரம் போட்டுக் கழுவக் கழுவ அதுவும் போய்விடும். மெழுகு அதைச் சற்றுத் தாமதப்படுத்தும், அவ்வளவே. தேங்காயெண்ணெயில் ஏறத்தாழ 90 வீதம் நிறைவுற்ற கொழுப்பு என்பதால், சமையலறையிலுள்ள மற்றெந்தத் தாவர எண்ணெயையும் விட அது தாமதமாகவே காறும். நல்லெண்ணெய்தான் பிசுபிசுத்து அழுக்கைப் பிடிக்கும். வீட்டில் காய்ச்சிய எண்ணெயின் அடிமண்டியோடும் ஈரத்தோடும் பூசிவிட்டு மணக்கிறது என்றால், குற்றம் நீரினுடையது. மண்ணெண்ணெயோடு ஒரே கிணற்றிலிருந்து வரும் பொருளை மீன் அரியும் பலகையில் தேய்க்க எனக்கு மனம் வரவில்லை.

உவர்மலைக்காரி:
இறுகாமல் இருப்பதும் கெட்டுப்போவதும் ஒன்றல்ல, தம்பி. நான் குறை சொன்னது இரண்டாவதை. கிணறு எதுவாயினும், மருந்துக்கடைப் பரபின் மனிதர் விழுங்கும் அளவுக்குச் சுத்திகரிக்கப்பட்டது; மண்ணெண்ணெயோடு அதைச் சேர்த்துப் பேசுவது நியாயமில்லை.

ஓடாவி வீட்டுப் பிள்ளை:
இருவரும் எண்ணெயின் பெயரைப் பற்றியே பேசுகிறீர்கள். பலகை கெடுவது முனையிலிருந்துதான். மரத்தின் நார்கள் வெட்டுப்பட்டு நிற்கும் இரண்டு முனைகளும் முகப்பை விடப் பல மடங்கு நீரை உறிஞ்சும், அதே வேகத்தில் இழக்கவும் செய்யும். ஆடி மாதம் கச்சான் காற்று அடிக்கும்போது பலாப் பலகை முனையிலிருந்து பிளக்கத் தொடங்குவதற்குக் காரணம் அதுதான். ஆகவே முகப்புக்கு ஒரு முறை பூசினால் முனைகளுக்கு, அவை குடிப்பதை நிறுத்தும் வரை பூச வேண்டும். அதற்கு முன்பு பலகையை நனைத்துக் காயவிட்டு, எழும்பி நிற்கும் நாரைச் சாண்ட் பேப்பரால் தேய்த்து, மறுபடியும் நனைத்துத் தேய்ப்பது அவசியம். இல்லாவிட்டால் முதல் கழுவலிலேயே சொரசொரப்பு வந்துவிடும்.

என் தெரிவு இறுகும் எண்ணெயே. ஆனால் ஹாட்வெயார்க் கடையில் தகர டின்னில் விற்கும் காய்ச்சிய லின்சீட் ஒயிலை, அதாவது காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயை, வாங்காதீர்கள். விரைவில் உலர்வதற்காக அதில் கோபால்ட், மங்கனீசு போன்ற உலோக உப்புகளைச் சேர்ப்பதுண்டு. உண்ணத் தகுந்த ஆளிவிதை எண்ணெய் போதும், வாரக்கணக்கில் பொறுக்க வேண்டும் என்பது மட்டுமே சிரமம். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகச் சூடேறித் தீப்பற்றக்கூடும் என்பதால், விரித்துக் காயப்போடுங்கள். வார்னிஷ் வேண்டவே வேண்டாம். கத்தி பட்ட இடத்தில் செதில் செதிலாகக் கிளம்பும். தோணிக்குப் பூசும் முந்திரிக்கொட்டை ஓட்டின் எண்ணெயை யாரோ ஒருவர் வேறோரிடத்தில் பரிந்துரைத்திருந்தார். அது தோலையே கொப்புளிக்க வைக்கும்.

நிலாவெளியான்:
வாரக்கணக்கில் பொறுத்திருக்க மாரியில் எந்த வீட்டில் காய்ந்த இடம் இருக்கிறது? அது இறுகுவதற்குள் பூஞ்சணம் பிடித்துவிடும். அதோடு, எண்ணெய் பூசினால் கிருமி வராது என்ற நம்பிக்கையும் இங்கே அடியில் ஓடுகிறது. அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் டீன் கிளைவர் என்ற ஆய்வாளரின் குழுவினர் செய்து 1994இல் வெளியிட்ட ஆய்வில், மரத்துக்குக் கனிம எண்ணெய் (பரபின் அந்த வகைதான்) பூசியது கிருமிகளை நீக்கிச் சுத்தம் செய்வதில் பெரிய வேறுபாட்டை உண்டாக்கவில்லை. பூச்சு மரத்தைக் காக்கும், வயிற்றை அன்று. சூரை வெட்டிய பலகையில் சலாதுக்கு வெள்ளரிக்காய் அரியாமல் இருப்பதே வயிற்றுக்குப் பாதுகாப்பு.

உவர்மலைக்காரி:
கிருமி பற்றி நான் எதுவும் சொல்லவில்லையே. எப்போது மறுபடி பூசுவது என்பதற்கு மாதக் கணக்கு வேண்டாம். ஒரு துளி நீரை விட்டுப் பாருங்கள். முத்தாக நின்றால் பலகைக்கு எண்ணெய் போதும், பரவி மரம் கறுத்தால் போதாது. கழுவியபின் தட்டையாகக் கிடத்தாமல் விளிம்பில் நிறுத்தி, வெயிலில் அன்றி நிழற்காற்றில் உலர்த்துங்கள். தேங்காயெண்ணெய்க்காரர்களுக்கு ஒரு சவால்: பலகையின் ஒரு பாதிக்கு உங்கள் எண்ணெயையும் மறு பாதிக்குப் பரபினையும் பூசி, தைப்பொங்கலன்று இரண்டையும் மணந்து பாருங்கள்.

நிலாவெளியான்:
செய்கிறேன், ஆனால் பாதி பாதியாகப் பூசினால் நடுவில் இரண்டும் கலந்துவிடும். ஒரே பலாத்துண்டை இரண்டாக அறுத்துத் தரும்படி ஓடாவியாரிடம் கேட்கப்போகிறேன். என் பங்குக்கு எண்ணெய் ஆலையில் ஆட்டியதாக இருக்கும், வீட்டில் காய்ச்சியதாக இராது.