பொருள்: 'ஆடியன்ஸ்' என்பதற்கு ஒரே சொல் (வெள்ளிக்குள் வேண்டும்)

திருச்சியிலிருந்து:
அன்பர்களுக்கு வணக்கம். இளங்கலை ஊடகவியல் பாடநூல் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். ஏழாம் பாடத்தின் தலைப்பிலேயே நின்றுவிட்டேன். நாடகத்துக்கு அவையோர், வானொலிக்கு நேயர், தொலைக்காட்சிக்குப் பார்வையாளர், பத்திரிகைக்கு வாசகர் என்று இதுவரை ஓட்டிவிட்டோம். இப்போது ஒரே ஆள் நாலுமாக இருக்கிறாரே! நேற்று பேருந்தில் என் பக்கத்தில் ஒரு பெண். ஒரு காதில் மட்டும் இயர்போன். போனில் கிரிக்கெட் ஓடுகிறது, அதன் கீழே வரும் கருத்துகளை வாசிக்கிறாள். விக்கெட் விழுந்ததும் கட்டைவிரலால் ஏதோ தட்டி அனுப்புகிறாள், அடுத்த நொடி அதற்கு யாரோ பதில் போடுகிறார்கள். இவளை என்னவென்று எழுதுவது? வெள்ளிக்கிழமை கோப்பு அச்சுக்குப் போகிறது.

மதுரையிலிருந்து:
அம்மா, சொல் நம்மிடமே இருக்கிறது. 'நூலே நுவல்வோன் நுவலும் திறனே கொள்வோன்' என்று தொடங்குகிறது பவணந்தியாரின் இலக்கண நூலான நன்னூலின் பொதுப்பாயிரம், அதாவது பொது முன்னுரை. கொள்வோன் என்றால் பாடத்தைக் கேட்டுக்கொள்ளும் மாணவன். கண்ணால் கொண்டாலும் காதால் கொண்டாலும் கொள்வோன்தான். 'கொள்வோர்' என்று போடுங்கள். கடைத்தர மாணாக்கருக்குப் பவணந்தியார் சொன்ன உவமைகளையும் பாடத்தில் சேர்க்கலாம். ஒரு செடியில் வயிறு நிரம்பாமல் அடுத்த செடிக்குத் தாவும் ஆடு, ரீல்ஸைத் தள்ளிக்கொண்டே போகும் விரல். நெய்யை விட்டுக் கசடைப் பிடித்துக்கொள்ளும் நெய்யரி என்ற வடிகட்டி, வாட்ஸப் வதந்தியைப் பரப்புபவர்.

கோவையிலிருந்து:
ஐயா, ஆட்டு உவமை எனக்கு ஒப்பவில்லை. ஆடு தானாக மேய்கிறது. 2005இல் யூடியூப் வந்த புதிதில் நாமும் தேடித்தான் பார்த்தோம். இப்போது அடுத்து எது வரும் என்பதை அதுவே முடிவு செய்கிறது. இது மேய்ச்சல் இல்லை, தொட்டியில் தீவனம் வைப்பது. அப்புறம், 'கொள்வோர்' என்பதை என் வகுப்பில் பாதிப் பேர் 'கொல்வோர்' என்றுதான் வாசிப்பார்கள். எல்லாருக்கும் தெரிந்த 'பயனர்' போதும்.

மதுரையிலிருந்து:
ளகரம் வராத மாணவருக்கு ளகரம் கற்றுக்கொடுக்க வேண்டும், சொல்லைக் கைவிடக் கூடாது. பயனர் ஒரு கருவியைக் கையாள்பவர், அவ்வளவே. 'கொள்வதூஉம் மிகை கொளாது கொடுப்பதூஉம் குறை கொடாது' என்று பட்டினப்பாலை வணிகரைப் பாடுகிறது. அந்தப் பேருந்துப் பெண்ணும் கொள்கிறாள், கொடுக்கிறாள். 1980இல் ஆல்வின் டாஃப்லர் ஆக்குபவரையும் நுகர்பவரையும் ஒட்டி 'ப்ரொசூமர்' என்றார். நமக்குக் 'கொள்கொடுநர்' இருக்கட்டும்.

திருநெல்வேலியிலிருந்து:
ஐயா, எங்கள் பக்கம் கொள்வினை கொடுப்பினை என்றால் பெண் எடுப்பதும் கொடுப்பதும்தான். அந்த நினைப்பை மாணவர் மனத்திலிருந்து எடுக்க முடியாது.

யாழ்ப்பாணத்திலிருந்து:
'நேயர்' என்பதை ஏன் வானொலியோடு நிறுத்துகிறீர்கள்? எங்கள் அப்பா இலங்கை வானொலிக்குத் தபாலட்டை எழுதிப் பாட்டுக் கேட்பார். தன் பெயர் வாசிக்கப்படும் வரைக்கும் வீட்டில் ஒருவரையும் பேச விடமாட்டார். அவரும் அந்த நிகழ்ச்சிக்குத் தன் பங்கைக் கொடுத்தவர்தான். தபாலட்டை போய்ச்சேர நாளாகும், இன்று நொடியில் போகிறது.

மதுரையிலிருந்து:
நேயம் வடசொல். ஸ்நேகத்தின் திரிபு.

திருநெல்வேலியிலிருந்து:
நெய் என்ற வேரிலிருந்தே வந்திருக்கலாமே ஐயா. ஒட்டுவது நெய், மனம் ஒட்டுவது நேயம். தனித்தமிழுக்கே வாழ்ந்த பாவாணர் தம் பெயரில் அதை வைத்துக்கொண்டார், 'தேவநேயன்' என்று.

கோவையிலிருந்து:
வேர் எதுவாகவும் இருக்கட்டும். 1975இல் சென்னையில் தொலைக்காட்சி வந்தபோது, பெட்டி இருந்த வீட்டில்தான் தெருவே உட்கார்ந்திருந்தது. அது அவை. இன்று ஒரே வீட்டில் நாலு பேர் நாலு திரையில் நாலு வெவ்வேறு நிகழ்ச்சிகளைப் பார்க்கிறார்கள். பாடம் சொல்ல வருவது இந்தப் பிரிவைத்தான். 'நேயர்' அதைக் காட்டவில்லை. ஆனாலும் படித்ததும் புரிகிறது, எதிர்க்க மாட்டேன்.

திருச்சியிலிருந்து:
சரி. மூவர் 'நேயர்' பக்கம் வந்துவிட்டதாக எடுத்துக்கொள்கிறேன், என்னையும் சேர்த்தால் நால்வர். தலைப்பு 'புதிய ஊடகமும் நேயரும்'. தொலைக்காட்சியை மட்டும் பேசும் இடங்களில் 'பார்வையாளர்' இருக்கும். கருவியாகப் பயன்படுத்தும் இடத்தில் 'பயனர்'. நன்னூல் ஆட்டையும் நெய்யரியையும் பயிற்சிப் பகுதியில் சேர்த்துவிட்டேன் ஐயா.

மதுரையிலிருந்து:
ஆட்டுக்கு நன்றி அம்மா. தலைப்பை என்னால் ஏற்க முடியவில்லை. பிடிக்காத காணொலியைத் திட்டுவதற்கென்றே கடைசி வரை பார்த்து, கீழே நாலு வரி வசை எழுதிவிட்டுப் போகிறவர் இருக்கிறார். அவருக்கு அதில் என்ன நேயம்? அவரும் கொள்வோர்தான்.